தொழிலிடத்து விபத்தும் பொறுப்பும்: ஆங்கிலச் சட்ட வரலாற்றில் ஓர் ஆய்வு

1835ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் இலிங்கன்சயர்ப் பகுதியைச் சேர்ந்த மாக்கற் டீப்பிங் என்னும் ஊரில், தோமஸ் பவுலர் என்னும் இறைச்சிக் கடைக்காரரிடம் சாள்ஸ் பிரீஸ்ற்லி என்னும் இளைஞன் வேலையாளாக இருந்தான். ஆட்டிறைச்சி ஏற்றிய வண்டியொன்றில் அவனும் ஏறிச் செல்லும்படி நேர்ந்தது. பாரம் மிகையாயிருந்தமையின் வண்டி முறிந்து வீழ்ந்தது; அவனுடைய தொடையெலும்பும் முறிந்தது. வண்டிக்கு உரியவர் முதலாளி, இறைச்சியும் அவருடையது, பயணமும் அவர் ஏவிய பயணம். ஆதலின் அவரே நட்டஈடு தருதல் வேண்டுமென்று பிரீஸ்ற்லி சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1836இல் இலிங்கன் நகரிற் கூடிய யூரிமார் நூறு பவுண் வழங்கும்படி தீர்ப்பளித்தனர்.

மறுவருடம், 1837இல், இலண்டனிலுள்ள எக்ஸ்செக்கர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. தலைமை வகித்த அபிஞ்சர் பிரபு எடுத்துக்காட்டிய நியாயங்கள் இற்றை நாளிற் படிப்போர்க்கு வியப்பைத் தருவன. இவனுக்கு நட்டஈடு வழங்கின், வீட்டுப் பணிப்பெண் ஈரப் படுக்கையிற் படுக்க வைத்தாளென்று பிறிதொரு வேலையாள் வழக்காடுவான். சமையற்காரரின் பிழைக்கும், வண்டி செய்த தச்சரின் பிழைக்கும் எசமானரே விடை கூறவேண்டியவராவர். இவ்வாறு செல்லின் அதற்கு முடிவேது என்பது அவர் கேள்வி. வேலையின் அபாயத்தை எசமானர் அறியும் அளவுக்கு வேலையாளும் அறிவான். விரும்பாவிடின் மறுத்துவிடலாமே என்பது அவர் கண்ட முடிவு. மறுத்துவிட்ட இளைஞன் மறுநாள் எங்கே வேலை தேடுவான் என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை.

ஓர் இறைச்சி வண்டியிலே தொடங்கிய இவ்வழக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆங்கிலத் தொழிலாளரின் தலைமேல் நின்றது. அவ்வழக்கின் சந்ததியைத் தொடர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். தொழிலிடத்து அபாயத்துக்குப் பொறுப்பாளர் யாரென்ற வினா எழுந்தபோதெல்லாம், அப்பொறுப்பைப் பிறிதொருவரிடம் கையளித்து விடுவதற்கு வழியொன்று தேடப்பட்டது. முதலில் அது காயமுற்றவனிடமும் அவனோடு உடனுழைத்தவனிடமும் கையளிக்கப்பட்டது, அடுத்து முகாமையாளரிடம், இறுதியாக ஒப்பந்தக்காரரிடம். சட்டம் ஒவ்வொரு வாயிலாக அடைத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் வாயிலை அடைப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காலம் வரை செல்லவேண்டியதாயிற்று.

பாராளுமன்றம் அதற்கு முன்னரே தொழிற்சாலைக்குள் அடியெடுத்து வைத்துவிட்டது. 1802ஆம் ஆண்டுச் சட்டம் பருத்தியாலைகளில் வேலை பழகிய சிறாரின் உடல்நலத்தைக் கருதி, ஆலைச் சுவர்களை வருடத்தில் இருமுறை சுண்ணாம்பினால் வெள்ளையடிக்கவேண்டுமென்றும், காற்றோட்டத்துக்குச் சாளரங்கள் இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. ஆயின் அதனை மேற்பார்வை செய்தற்கு அவ்வப் பகுதியின் சமாதான நீதவானொருவரும் குருவொருவருமே நியமிக்கப்படலாயினர். ஆலை முதலாளியின் விருந்தினராக வருவோர் அவர்மீது குற்றங் காண்பது எங்ஙனம்? அச்சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1833இல் அரசாங்கத்தினால் நேரே நியமிக்கப்பட்ட நான்கு பரிசோதகர் வந்த பின்னரே சட்டத்துக்குக் கண்ணும் காலும் உண்டாயின. அந்நால்வருட் புகழ்பெற்றவர் லெனாட் ஹோணர் என்பவர். புவிச்சரிதவியல் அறிஞராகிய அவர், பாறைப் படைகளை ஆராய்ந்த அதே பொறுமையோடு ஆலைகளையும் ஆராய்ந்தார்.

1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறு பணித்தது. பறப்புச் சில்லுகளும், சுழல்தண்டுகளும், ஏற்று பொறிகளும் அடைக்கப்படல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சிறாரும் பெண்களும் துடைத்தல் ஆகாது. விபத்து நேர்ந்தால் அறிவித்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். அக்காலத்து ஆலையொன்றை மனத்திற் கண்டாலன்றி இவ்விதிகளின் அருமை விளங்காது. நீராவிப் பொறி ஒன்று. அதன் ஆற்றல் கூரையை ஒட்டி நீளவோடும் சுழல்தண்டுகள் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் செல்லும். அத்தண்டுகளிலிருந்து தோற்பட்டிகள் இறங்கிக் கீழேயுள்ள பொறிகளைச் சுழற்றும். பட்டி கழன்றுவிட்டால் ஒருவன் ஏணி வைத்தேறி அதனை மீண்டும் மாட்டுவான். தண்டு நிற்பதில்லை. சட்டையின் ஓரமோ கைப்பட்டியோ அதிலே சிக்கினால், கண் இமைக்கும் நேரத்தில் ஆளையும் இழுத்துச் சுருட்டிவிடும்.

தரையிலிருந்து ஏழடிக்கு மேலே ஓடும் தண்டுகளால் அபாயமில்லையென்று முதலாளிகள் வாதித்தனர். ஏழடி உயரத்திலுள்ள தண்டு கீழே நடமாடுவோர்க்கு எட்டாதென்பது மெய்யே. எனினும் பட்டி மாட்டுதற்கும், எண்ணெய் இடுதற்கும், சுண்ணாம்பு பூசுதற்கும் ஏணியில் ஏறுவோரே அதிற் சிக்கி மாண்டனர். அவர்களை அங்கே ஏறும்படி ஏவியது ஆலையின் வேலையே. பரிசோதகர் சில காலம் அவ்வுயரத் தண்டுகளை வற்புறுத்தாது விட்டிருந்தனர். 1854இல், பாமஸ்ரன் பிரபு உண்ணாட்டு மந்திரியாயிருந்த காலத்தில், அவையும் அடைக்கப்படல் வேண்டுமெனச் சுற்றறிக்கை பிறந்தது. மறுவருடமே மன்செஸ்ரர் நகரில் ஆலையுடையோர் தேசிய சங்கம் என ஒன்று தோன்றியது. சட்டத்தை எதிர்ப்பதும், வழக்குக்கு உள்ளாகும் அங்கத்தவர்க்கு உதவுவதும் அதன் நோக்கங்கள்.

இங்கே எழுத்தாளரும் இரு பக்கமாகப் பிரிந்தனர். சாள்ஸ் டிக்கின்ஸ் நடாத்திய வாரப் பத்திரிகையிலே ஹென்றி மோளி என்பவர் அச்சங்கத்துக்கு ஏளனப் பெயரொன்றைச் சூட்டி, நசுங்கிய உடல்களின் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துத் துணிவோடு எழுதிய ஹரியற் மாட்டினோ அம்மையார் முதலாளிகளுக்குத் துணையாக நூலொன்று எழுத, அச்சங்கமே அதனை வெளியிட்டது. அவ்வம்மையார் ஈரமற்றவரல்லர்; அரசாங்கம் தொழிலிலே தலையிடின் தொழில் அழியும் என்னும் பொருளியற் கொள்கையிலே ஊறியவர். நல்லோரும் ஒரு கொள்கைக்குக் கட்டுண்டு கண்முன்னுள்ளதைக் காணாதொழிவர் என்பதற்கு அந்நூல் சான்றாக இருக்கின்றது. சங்கமே வென்றது. 1856ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களும் சிறாரும் அணுகக்கூடிய பகுதிகளுக்கே வேலி வேண்டுமெனக் குறுக்கி, ஏனைய தண்டுகளை மத்தியத்தர் தீர்ப்புக்கு விட்டுவிட்டது. ஏணியில் ஏறிய ஆண்மகன் தன்னைத் தானே காத்துக்கொள்ளவேண்டியவனானான்.

இதற்கிடையிற் பிரீஸ்ற்லி வழக்கின் கொள்கை கடல் கடந்தது. 1842இல், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, புகைவண்டிச் சாரதியொருவர் தண்டவாளம் மாற்றுவோனின் பிழையாற் கையை இழந்து தொடுத்த வழக்கில், தலைமை நீதியரசர் லெமுவெல் ஷா அக்கொள்கையை விரித்துரைத்தார். அபாயமுள்ள வேலைக்குக் கூலி மிகுதி. அக்கூலியை வாங்கியவன் அபாயத்தையும் உடன் வாங்கியவனே. உடன் வேலை செய்வோனின் கவனயீனமும் அவ்வபாயத்துள் அடங்கும் என்பது அதன் சாரம். இதுவே பொதுவேலைக் கோட்பாடு எனப்பட்டது. 1858இல் பிரபுக்கள் சபை அதனை ஸ்கொத்லாந்துக்கும் உரியதாக்கியது.

அக்கோட்பாட்டின் உச்சம் 1868இல் வந்தது. ஸ்கொத்லாந்து நிலக்கரிச் சுரங்கமொன்றிலே, நிலத்தடி முகாமையாளரின் ஏற்பாட்டின்படி அமைக்கப்பட்ட சாரமொன்று காற்றோட்டத்தைத் தடுத்தது. வாயு தேங்கி வெடிக்க, வில்சன் என்னும் தொழிலாளி இறந்தான். அவன் தாய் வழக்குத் தொடுத்தாள். சுரங்கத்தில் ஆணையிடும் முகாமையாளர் முதலாளியின் பிரதிநிதியன்றோ என்பது அவள் வாதம். பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. முகாமையாளரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. ஆகவே அவரும் இறந்தவனுக்கு உடன்வேலையாளே என முடிவாயிற்று. இத்தீர்ப்பின் பயனைச் சற்றே சிந்தித்தல் தகும். சிறு கடைக்காரர் தாமே வேலையை நடத்துவதால் தம் பிழைக்குத் தாமே விடை கூறுவார். ஆயிரம் பேரை வைத்து உழைப்பிக்கும் கம்பனியோ அனைத்தையும் முகாமையாளர்வழி நடத்துவதால் எதற்கும் விடை கூறாது. தொழில் பெருகப் பெருகப் பொறுப்புச் சுருங்கியது.

இதற்கு ஆறாண்டுகளின் முன், 1862ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி, நோதம்பலாந்திலுள்ள ஹாட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்ததை நாடு மறந்திருக்கவில்லை. அச்சுரங்கத்துக்கு இறங்குகுழி ஒன்றே. நீரிறைக்கும் பொறியின் பெரிய வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, அதன் ஒரு பாதி குழிக்குள் வீழ்ந்து வழியை அடைத்துவிட்டது. 204 ஆடவரும் சிறுவரும் மாண்டனர். இரண்டாவது குழி இருந்திருப்பின் உள்ளே அகப்பட்டோர் மேலே வந்திருப்பர். அதனை வெட்டுதற்குச் செலவு மிகுதி என்பதே காரணம். எந்தத் தொழிலாளியின் கவனமும் எந்த முகாமையாளரின் விழிப்பும் அங்கே உதவியிருக்கமாட்டா. குழி வெட்டுவது முதலாளி ஒருவராலேயே ஆகக்கூடியது. அவ்வாண்டே ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரு வழிகள் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது.

1880இல் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் வந்தது. மேற்பார்வை செய்வோரின் பிழையால் விளைந்த காயத்துக்கு வழக்காட அது வழிவிட்டது. வழியும் உடனே அடைபட்டது. டட்லிப் பிரபுவின் சுரங்கங்களில் வேலைக்கு அமர்வோர் அச்சட்டத்தின் பயனை வேண்டாமென்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்பது நிபந்தனை. அவ்வாறு ஒப்பியிருந்த ஒருவன் இறக்க, அவன் மனைவி வழக்குத் தொடுத்தாள். கணவன் ஒப்பியது அவளையும் கட்டுமென 1882இல் தீர்ப்பாயிற்று. இங்ஙனம் ஒரு கையெழுத்தினால் விதவையின் வழக்கும் முன்னதாகவே விற்கப்பட்டுவிட்டது.

ஜேர்மனியிலே பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்புறுதியை நிறுவியிருந்தார். அதனை நோக்கியிருந்த ஜோசப் சேம்பர்லேன் முயற்சியால் 1897இல் ஆங்கிலத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. யார் பிழை என்ற கேள்வியையே அது ஒதுக்கிவைத்தது. வேலையின்போது வேலையினாற் காயமுற்றவனுக்கு வாராந்தக் கூலியின் பாதி, ஒரு பவுணுக்கு மேற்படாது; இறந்தவனை நம்பியிருந்தார்க்கு மூன்றாண்டுக் கூலி, 150 பவுணுக்குக் குறையாமலும் 300 பவுணுக்கு மேற்படாமலும். தொகை சிறிது, கொள்கை பெரிது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, ஈழநாட்டார் கொந்தராத்து என்று வழங்கும் முறையையும் தொட்டது. தம் தொழிலின் பகுதியொன்றை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தவர், அவ்வொப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் நட்டஈடு கொடுக்கவேண்டியவர். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வேண்டுமானால் அறவிடலாம். மூன்றாம் வாயிலின் முதற்கதவு இதுவேயாம். ஆயின் இது காயமுற்ற பின் பணங் கொடுக்கும் கடமையே; காயம் நேராது தடுக்கும் கடமையன்று.

இலங்கைக்கும் இச்சட்ட மரபே வந்து சேர்ந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் இவ்வழியின் பேறுகளே. வேலி, படிக்கட்டு, கொதிகலம், வெளிச்சம், காற்றோட்டம் பற்றி ஆங்கில ஆலைகளிலே உயிர்கொடுத்துக் கற்ற பாடங்கள் இந்நாட்டு ஆலைகளுக்கும் விதிகளாயின.

தாய்நாட்டிலே நீதிமன்றங்களும் மெல்லத் திரும்பலாயின. 1898இல், வேலியில்லாத பற்சில்லிற் சிக்கி முன்கையை இழந்த சிறுவனொருவன், சட்டம் விதித்த வேலி இடப்படாமையே தனக்கு வழக்குரிமை தருமென்று வென்றான். சட்டக் கடமையைத் தவறவிட்டவர் உடன்வேலையாளின் பிழையென்று அங்கே ஒதுங்க முடியவில்லை.

முகாமையாளர் என்னும் இரண்டாம் வாயில் அடைபட்டது 1937இல். 1872 முதல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தகுதிப் பத்திரம் பெற்ற முகாமையாளர் இருத்தல் சட்டப்படி அவசியம். 1911ஆம் ஆண்டுச் சட்டமோ தகுதியில்லாத உடைமையாளர் தொழினுட்ப நிருவாகத்திலே தலையிடுதலையே விலக்கியது. ஸ்கொத்லாந்தில், வேலை முடிந்து சுரங்கப் பாதையில் வந்துகொண்டிருந்த இங்கிலிஷ் என்னும் பெயருடைய தொழிலாளியை வண்டியிழுக்கும் பொறி நசுக்கியது. ஆட்கள் நடக்கும் வேளையில் அப்பொறி ஓடியதே குற்றம். கம்பனியார், சட்டமே எம்மைத் தலையிடாதே என்கின்றது. தகுதியுள்ள முகாமையாளரை நியமித்தோம். எம் கடமை அதனோடு முடிந்தது என்றனர். வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. எனினும் ரைற் பிரபு முதலானோர் அதனைத் தள்ளிவிட்டனர். தகுதியுள்ள ஆட்கள், தகுந்த சாதனங்கள், பாதுகாப்பான வேலைமுறையும் அதற்கேற்ற மேற்பார்வையும் ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் கடமை. அதனை நிறைவேற்றப் பிறரை வைக்கலாம். வைத்தமையாற் கடமை தீர்ந்துவிடாது. இத்தீர்ப்பே இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம். பொதுவேலைக் கோட்பாடு 1948இற் பாராளுமன்றத்தால் அடியோடு ஒழிக்கப்பட்டது. இறைச்சி வண்டி முறிந்து அப்போது 113 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தொழிலாளிக்குக் கடமையே இல்லையோ எனின், உண்டு. 1897ஆம் ஆண்டுச் சட்டம், வேண்டுமென்றே செய்த பாரிய தவற்றினாற் காயமுற்றவனுக்கு நட்டஈட்டை மறுத்தது. 1906இல், இறப்போ நிரந்தரமான பேரூனமோ விளைந்தவிடத்து அத்தடை நீக்கப்பட்டது. ஆயின் அதிகாரம் இன்றிக் கடமையை மாத்திரம் சுமத்துவது நீதியாகாது. வேலியைக் கழற்றாதே என்று தொழிலாளிக்கு ஆணையிடலாம். வேலியே இல்லாத பொறியைக் காட்டி இது ஆகாது என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு வேண்டுமன்றோ. 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தொழிலாளர் தம்முள் இருவரைத் தெரிந்து, தம் செலவிலே சுரங்கத்தைப் பார்வையிடுவிக்க இடங்கொடுத்தது. அவ்வித்து முளைத்து மரமாக நூறாண்டு சென்றது. தொழிற்சங்கங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கும் உரிமை 1977ஆம் ஆண்டு விதிகளால் வந்து, 1978 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

முதலாளியின் கடமைக்கும் எல்லை உண்டு. 1949இல், தாங்கு மரமிடப்படாத சுரங்கப் பக்கச்சுவர் சரிந்து தொழிலாளி இறந்த வழக்கிலே, அஸ்குவித் நீதியரசர் ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் அபாயம். மறு தட்டில் அதனை நீக்குதற்கு வேண்டிய பணமும் காலமும் தொல்லையும். இரண்டாவது தட்டு மிகப் பெரிதும் தாழ்ந்தாலன்றி முதலாளி தப்பமுடியாது. தட்டுகள் சமமாக நின்றாற் போதாது என்பதே இதன் நுட்பம்.

இவ்வாறு சட்டங்கள் பெருகிக்கொண்டே சென்றன. 1970இல் இவற்றை ஆராயக் குழுவொன்று நியமிக்கப்பட்டபோது, ஆலைக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று, கமத்துக்கு ஒன்று எனச் சட்டங்களும் பரிசோதகர் பிரிவுகளும் சிதறிக் கிடந்தன. குழுவின் தலைவர் றொபென்ஸ் பிரபு. 1966இல் வேல்சிலுள்ள அபர்பான் கிராமத்திலே, சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பாடசாலையை மூடி, 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் மாண்டபோது, அக்குன்றை உடைய தேசிய நிலக்கரிச் சபைக்குத் தலைவராயிருந்தவரும் அவரே. அவரைத் தெரிந்தமையை அன்றே பலர் வெறுத்தனர்; அவ்வெறுப்பு நியாயமற்றதன்று. எனினும் 1972இல் அவர் அளித்த அறிக்கை ஆராயத்தக்கது. சட்டம் குறைவன்று, மிகுதி என்றும், அதனால் ஒவ்வொருவரும் பாதுகாப்பைப் பரிசோதகரின் வேலையென்று கருதிவிட்டனர் என்றும் அது கூறியது. பொறுப்பு அரசாங்கத்தினிடமும் கைமாறத் தொடங்கிவிட்டது என்பதே இதன் கருத்து.

அவ்வறிக்கையின் வழிவந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் கடமையைப் பொறியோடு கட்டாது மனிதரோடு கட்டியது. முதலாளி தம் தொழிலாளர்க்கு ஆற்றவேண்டியது இரண்டாம் பிரிவு. தம் தொழிலினாற் பாதிக்கப்படக்கூடிய பிறர்க்கு ஆற்றவேண்டியது மூன்றாம் பிரிவு. தொழிலாளி தன்னையும் பிறரையும் காக்கவேண்டியது ஏழாம் பிரிவு. இயன்றதெல்லாம் செய்தேன் என்பவர் அதனைத் தாமே நிரூபித்தல் வேண்டும்.

ஈராண்டுக்குள் அச்சட்டத்துக்குச் சோதனை வந்தது. 1976 செப்ரெம்பர் 23ஆந் திகதி, நியூகாசிலில், தைன் நதிக்கரையிலுள்ள சுவான் ஹன்ரர் கப்பற்றளத்திலே கட்டப்பட்டுக்கொண்டிருந்த கிளாஸ்கோ என்னும் போர்க்கப்பலில் எட்டுப்பேர் தீக்கிரையாயினர். முன்னாள் மாலை, உப ஒப்பந்த நிறுவனமொன்றின் ஆள் கீழ்த்தளத்தில் ஒட்சிசன் குழாயை மூடாமல் விட்டுச் சென்றான். இரவெல்லாம் காற்றோட்டங் குறைந்த அவ்வறையில் ஒட்சிசன் நிறைந்தது. காலையில் வேறொருவன் வெல்டிங் வேலையைத் தொடங்கினான். ஒட்சிசனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆயின் அது செறிந்தவிடத்திற் சிறு பொறியும் பெருந்தீயாம்.

கப்பற்றளத்தார் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். அதனை விளக்கி நீலநிறப் புத்தகமொன்றை அச்சிட்டுத் தம் தொழிலாளர்க்கு வழங்கியிருந்தனர். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கோ, கேட்டாலன்றி வழங்கவில்லை. பிறரின் ஆட்களுக்குப் போதிப்பது எம் கடமையன்று என்பது நீதிமன்றத்தில் அவர் கூறிய எதிர்வாதம். 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்தது. ஒரே கப்பலின் வயிற்றுக்குள் இருசாராரும் உழைக்கின்றனர். அயலானின் அறியாமை தம் தொழிலாளியைக் கொல்லுமாயின், அயலானுக்கு அறிவிப்பதும் தம் தொழிலாளிக்குச் செய்யும் கடமையே. தீக்குச் சம்பளப் பதிவேடு தெரியாதென்பதை இதனினும் தெளிவாக எவருங் கூறியதில்லை.

அங்கே இறந்தோர்க்கு உரிய கடமை பற்றி ஐயமில்லை. காயமுற்றவன் ஒப்பந்தக்காரரின் ஆளேயாயின், பிழையும் அவனதேயாயின், அப்போதும் உடைமையாளர் பொறுப்பாளரோ? இக்கடைசி வினா 1990இல் எல்ஸ்மியர் போட் என்னுமிடத்து இரசாயனத் தொழிற்சாலையொன்றில் எழுந்தது. வருடாந்தத் திருத்த வேலைக்காக ஆலை மூடப்பட்டிருந்தது. தொட்டியின் உட்பூச்சைச் செப்பனிட ஒப்பந்தக்காரரின் ஆளொருவர் உள்ளே இறங்கி, மின்குமிழ் வெளிச்சத்திலே, அசற்றோன் என்னும் எளிதில் தீப்பற்றும் திரவத்தால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமிழ் உடைந்தது, ஆவி பற்றியது, அவர் கடுமையாக எரிகாயமுற்றார். ஒப்பந்தக்காரர் தம் வேலையைத் தாமே நடத்துபவர். அவர் வேலை எம் தொழிலன்று என ஆலையார் பிரபுக்கள் சபை வரை வாதித்தனர். 1996இல் ஹொவ்மன் பிரபு அளித்த விடை சுருக்கமானது. தம் ஆலையைத் தம் நிலத்திலே துப்புரவாக்குவதும் திருத்துவதும் தம் தொழிலை நடத்துவதன் ஒரு கூறே. அதனை யார் கையாற் செய்வித்தாலும் அது மாறாது.

அவ்வாலையிலே, வேலை தொடங்குமுன் அனுமதிச் சீட்டு எழுதும் முறை இருந்தது. ஆயின் தொட்டிக்குள் இறங்கிய மனிதர் அசற்றோனைத் திறந்த வாளியொன்றில் வைத்திருந்தார். அது குப்பைத் தொட்டியிலிருந்து அவரே எடுத்துக்கொண்ட பழைய வர்ண வாளி.